நொஸ்ஃபெராட்டு மொக்கையா? எந்தக் காப்பி பார்த்தீங்க சாமி?

1922ல எஃப்.டபிள்யூ.முர்னோ எடுத்த ஜெர்மன் ஊமைப்படம் 'நொஸ்ஃபெராட்டு'. இதைப் பார்த்துட்டு நம்மாளுங்க சொல்ற குறை எப்பவும் அதே மூணுதான். பயமே வரலை. எல்லாரும் சாப்ளின் படம் மாதிரி குடுகுடுன்னு ஓடறாங்க. ரத்தக்காட்டேரி பட்டப்பகல்ல சவப்பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்குள்ள உலாத்துது, லாஜிக் எங்கே?

நம்ம பொழப்புல எவனாவது "வேலை செய்யலை"ன்னு வந்து நின்னா, முதல்ல எந்த வெர்ஷன்னுதானே கேட்போம்? படத்துக்கு மட்டும் ஏன் கேட்க மாட்டேங்கறோம்?

அந்தப் பட்டப்பகல் விஷயத்தையே எடுத்துக்குவோம். அந்தக் காலத்து ஃபிலிமை வச்சு ராத்திரியில எடுக்கறது பெரும்பாடு. அதனால பகல்ல எடுத்து, பிரிண்ட்டைச் சாயத்துல முக்குவாங்க. நீலம்னா ராத்திரி, மஞ்சள்னா விளக்கு வெளிச்சம், ரோஸ்னா விடியல். பார்க்கிற ஜனத்துக்கு இது அத்துப்படி. பிற்பாடு சாயமில்லாம வெறும் கறுப்பு வெள்ளையில காப்பி போட்டாங்க. ராத்திரியெல்லாம் மத்தியானமாயிடுச்சு. இதுல கொடுமை என்னன்னா, பிராம் ஸ்டோக்கர் நாவல்ல டிராகுலா பகல்லயும் நடமாடுவான். வெயில் பட்டா காட்டேரி காலிங்கிற சமாச்சாரத்தைக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான். அப்படி எடுத்த ஆளு, காட்டேரியை உச்சி வெயில்ல ஊர்வலம் விடுவாரா?

அடுத்து வேகம். நொடிக்குப் பதினெட்டு ஃப்ரேம் வாக்குல ஓட்ட வேண்டியதை 24ல ஓட்டினா எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க. இதுல ஒரு நஷ்டம் இருக்கு. காட்டுக்குள்ள ஓர்லாக்கோட வண்டி வர்ற காட்சியை முர்னோ வேணும்னேதான் அசுர வேகத்துல ஓட விட்டிருக்கார். நடுவுல நெகட்டிவ் படம் வேற, மரமெல்லாம் வெள்ளையா நிக்கும். படமே வேகமா ஓடிட்டிருந்தா அந்த வண்டி மட்டும் எப்படித் தனியாத் தெரியும்?

குளறுபடிக்குக் காரணம் இருக்கு. அனுமதியில்லாம நாவலைச் சுட்டாங்கன்னு ஸ்டோக்கரோட மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டாங்க. 1925ல காப்பிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பு. வெளிநாட்டுக்குப் போனது மட்டும் தப்பிச்சுது. வெட்டினது, ஒட்டினது, பேரை மாத்தினதுன்னு கண்ட காப்பியும் சுத்த ஆரம்பிச்சது அப்படித்தான். அமெரிக்காவுல காப்புரிமையும் இல்லாததால, எவன் வேணா எந்த இசையை வேணா மேல ஒட்டி ஏத்தி விடறான். 1922 காலத்து சாயமேத்தின ஃபிரெஞ்சு பிரிண்ட்டை வச்சு, முர்னோ அறக்கட்டளை 2006ல சீரமைச்ச 94 நிமிஷக் காப்பி இருக்கு. எர்ட்மான் இசையோட. அதைப் பார்த்துட்டு வந்து திட்டுங்க, கேட்டுக்கறேன்.

திட்ட விஷயமும் இருக்கு. ஹட்டரா வர்ற ஆளோட ஈ-ன்னு இளிப்பு எந்தக் காப்பியிலயும் ஓவர்தான்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "அந்தக் காலத்துக்கு இதுவே பெருசு, மரியாதை குடுங்க"ன்னு ஜல்லியடிக்கறவங்க. இவங்க மேல எனக்கு இன்னும் கோபம். கிழவனுக்குப் பஸ்ஸுல சீட் விடற மாதிரி படத்தை ஏன் பார்க்கணும்? கப்பல்ல பெட்டிக்குள்ளேர்ந்து முட்டி மடங்காம பலகை மாதிரி எழுந்திரிப்பானே மாக்ஸ் ஷ்ரெக், அதுக்குச் சலுகை எதுக்கு? மாடிப்படியில நிழல் மட்டும் ஏறிப்போய், அந்த நிழலோட கை எல்லென் நெஞ்சைப் பிடிச்சு இறுக்கும் பாருங்க. எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையுது.

டிஸ்கி: ஹெர்ஸாக் 1979ல எடுத்தது, எகர்ஸ் 2024ல எடுத்தது, ரெண்டுல எது ஒசத்தின்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. அந்தப் பஞ்சாயத்துக்குத் தனிப் பதிவு போடறேன்.