யானைக் கப்பு அழகுதான். வாய் வைக்கிற இடம்?

பிறந்த நாளா? பணி ஓய்வா? உடனே மிருகப் படம் போட்ட காபி மக் ஒன்றை வாங்கி, ஜிகினாத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். (மக் என்றால் பல வீட்டில் குளியலறை வாளியில் மிதப்பது. அது வேறு கதை!) மேலதிகாரிக்கு ஆந்தைப் படம் கொடுப்பதும் அவரவர் தைரியம்.

எந்த மிருகம் என்பது இரண்டாம் பட்சம். படம் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். உள்பக்கமோ, உதடு படும் விளிம்பிலோ பளபள சிவப்பு, மஞ்சள் சாயம் இருந்தால் கப்பைத் திருப்பி வைத்துவிடணும். சில சாயங்களில் ஈயமும் காட்மியமும் உண்டு. எலுமிச்சை டீ மாதிரி புளிப்பு பட்டால் கரைந்து வயிற்றுக்குள் போகும். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். பூனைக்குட்டிக் கப்பில்தான் பால் குடிப்பேன் என்று அடம் பிடிப்பதும் குழந்தைதானே!

படத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். மேடு தட்டினால் சாயம் மெருகுக்கு மேலே நிற்கிறது. வழவழவென்றிருந்தால் பெரும்பாலும் அடியில்.

கப்புக்குள் தவளை பொம்மை வைப்பது இங்கிலாந்தில் 19-ம் நூற்றாண்டிலேயே இருந்த குறும்பு. வேடிக்கைதான். தவளைக் காலிடுக்கில் ஒட்டிய பாலேட்டைத் தேய்க்கிறவருக்குத்தான் சிரிப்பு வராது!

இன்னொன்று, அளவு. சாதாரண மக் 300 மில்லி பிடிக்கும். டம்ளர் காபியை அதில் ஊற்றினால் பாதிகூட நிறையாது. சீக்கிரம் ஆறியும் போகும்.