ஜீன்ஸ் தைக்கிற மெஷின் தோல் தைக்குமா?

"எட்டு மடிப்பு ஜீன்ஸ் சார்... பாருங்க, வெண்ணெய்ல போற மாதிரி போகுது!"

தோல் பை தைக்க மெஷின் வேண்டும் என்று கேட்டுப் போகிறவர் முன்னால் கடைகளில் வழக்கமாக நடக்கும் வித்தை இது. பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை மடிப்பார்கள், மடித்ததை மறுபடி மடிப்பார்கள், பெடலை மிதிப்பார்கள். கடகடவென்று ஓடும். பெட்டியின் மேல் 'ஹெவி டியூட்டி' என்று வேறு கொட்டை எழுத்தில் இருக்கும். வந்தவர் அசந்துபோய்ப் பணத்தை எண்ணி வைத்துவிடுவார். ஒரு வாரம் கழித்துத் தோலை வைத்து மிதிக்கும்போதுதான் சங்கதி புரியும்.

ஜீன்ஸ் என்பது நெய்த துணி. ஊசி இறங்கினால் இழைகள் விலகி வழிவிடும், ஊசி வெளியே வந்ததும் மறுபடி நெருங்கிக்கொள்ளும். தோல் அப்படியில்லை. ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். கோணலாக ஓடிய தையலைப் பிரித்தால் வரிசையாகத் துளைகள் பல்லிளிக்கும். அதனால்தான் தோலில் குண்டூசி குத்தி வைத்துத் தைப்பதுகூட இல்லை. பசை தடவுவார்கள், இல்லையென்றால் கிளிப் போடுவார்கள். துணியில் பத்து தடவை தைத்துப் பிரித்துப் பழகலாம். தோலில் ஒத்திகையே கிடையாது.

அப்படிப்பட்ட பொருளுக்கு மெஷின் வாங்கும்போது எல்லோரும் கேட்பது மோட்டார் எத்தனை வாட்ஸ் என்று! ஊசி தோலைத் துளைக்குமா என்பது பெரிய பிரச்சினையே இல்லை. தோலுக்கென்று முனை வெட்டிய ஊசியைப் போட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினால்கூடச் சாதாரண வீட்டு மெஷின் இரண்டு மில்லிமீட்டரைத் துளைத்துவிடும். துளைத்த பிறகு தோலை நகர்த்துவது யார்? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ரவிக்கை தைக்கும் மெஷினில் நகர்த்துவது கீழே இருக்கும் பல் மட்டும்தான். அது அடித் துணியைப் பிடித்துத் தள்ளும். மேலே இருக்கும் கால் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். துணி வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் யாருக்கும் இது உறைப்பதில்லை. தோலின் மேல்பக்கமோ அந்தக் காலோடு ஒட்டிக்கொள்ளும். அடித்தோல் முன்னால் போகும், மேல்தோல் பின்தங்கும். ஒரு முழ நீளம் தைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு ஓரமும் இரண்டு இடத்தில் நிற்கும். தையல் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. போதாக்குறைக்கு அடிப்பக்கத் தோலில் பல் கடித்த தழும்பு வேறு. மோட்டாரின் பலத்தைக் கூட்டினால் இது சரியாகுமா? இதே தப்பு இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

தோலுக்கான மெஷினில் பல், ஊசி, உள்கால் மூன்றும் சேர்ந்து நகரும். ஊசி தோலுக்குள் குத்தி நிற்கும்போதே அடுக்கு மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு தையல் தூரம் பின்னால் போகும். அடுக்கு நழுவ வழியில்லை. காம்பவுண்டு ஃபீடு என்பது இதற்குப் பெயர். 'வாக்கிங் ஃபுட்' என்று மட்டும் கேட்டால் ஏமாறலாம், ஏனென்றால் கால் மட்டும் நடந்து ஊசி நகராத மெஷினும் அதே பெயரில்தான் விற்கிறது. வீட்டு மெஷினில் மாட்டும் சின்ன அட்டாச்மெண்டுக்கும் அதே பெயர்தான்! கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, கீழே இறங்கிய ஊசியைப் பாருங்கள். பல்லோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தால் சரி. நட்டு வைத்த கம்பம் போல நின்றால், அது எத்தனை மடிப்பு ஜீன்ஸ் தைத்தாலும் துணி மெஷின்தான்.

"அது விலை ஜாஸ்தியாச்சே" என்பார்கள். ஜாஸ்திதான், பல மடங்கு. கொஞ்சம் கணக்குப் போடலாம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பை தைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பைக்கு 5 சதுர அடி தோல், சதுர அடி 120 ரூபாய் என்றால் தோலுக்கு மட்டும் 600 ரூபாய். தையல் கோணிப்போய் 20 பை கழிவானால் 12,000 ரூபாய் போச்சு. அந்த 12,000 மெஷின் பில்லில் வராது. ஆனால் அதுவும் மெஷினின் விலைதான். அக்கவுண்டன்சி முதல் பாடத்திலேயே வாங்கிய விலையோடு செலவு முடிவதில்லை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், கடைக்குப் போனதும் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், கம்பெனியில் அதே பெண் தினமும் போஸ்ட் மெஷினில் வளைவு வளைவாக ஓட்டியவர். தையல் கோணினால் "எனக்குத்தான் கை வரலை போல" என்று தன்னையே நொந்துகொள்வார். பழி மெஷின் மேல் போகாது.

அப்படியானால் துணி மெஷின் சுத்தமாக உதவாதா? அப்படியும் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய ஆட்டுத்தோலில் பர்ஸ் தைப்பதென்றால், டெஃப்லான் கால் அல்லது ரோலர் கால் மாட்டி நிதானமாக ஓட்டினால் சமாளிக்கும். அரசு கொடுத்த இலவச தையல் இயந்திரம் வீட்டில் இருந்தால் பையின் உள் லைனிங் முழுவதையும் அதிலேயே முடிக்கலாம். பை வாரும் பெல்ட்டும் அதில் ஆசைப்படக் கூடாது. தடித்த நைலான் நூலை இழுத்து முடிச்சுப் போட அந்த மெஷினுக்குத் திராணி கிடையாது. டெமோ காட்டும்போது மெல்லிய பாலியஸ்டர் நூல் கோர்த்திருப்பதன் ரகசியமும் இதுதான்!

இன்னொரு வலை, கையால் சுற்றும் பேட்ச்சிங் மெஷின். விலை குறைவு, பார்க்கவும் இரும்பில் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது அறுந்த செருப்பையும் கிழிந்த பையையும் ஒட்டுப்போடப் பிறந்தது. காலை எந்தத் திசைக்கும் திருப்பலாம் என்பது அதன் பெருமை, பாபின் குட்டியூண்டு என்பது அதன் சிறுமை. புதுப் பையின் முகப்பில் நேர்த்தையல் ஓட்டுவது அதன் வேலையில்லை.

காசு சேரும்வரை என்ன செய்வது? கையால் தைக்கலாம். இரண்டு ஊசி, ஒரே மெழுகு நூல், ஒரே துளையில் இரு பக்கமும். இந்தத் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் நிற்கும், மெஷின் தையல் அந்த அளவுக்குத் தாங்காது. நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் எந்தப் பை விற்கிறது என்று தெரியாமலே கடனில் மெஷின் இறக்குவதைவிட மலிவு.

வாங்கும்போது மோட்டார் சர்வோவா என்றும் பார்க்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் பெடலைத் தொட்டதும் பாயும், மிதிக்காதபோதும் சும்மா சுழன்று கரண்டைக் குடிக்கும். பை தைப்பவருக்கு சிலிண்டர் மெஷின் நல்லது. அதற்கு மேல் ஒரு பலகை மாட்டினால் தட்டை மெஷின் ஆகிவிடும், தட்டை மெஷினை சிலிண்டர் ஆக்க முடியாது. செகண்ட் ஹேண்ட் என்றால் ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், ஆடினால் நகர்ந்துவிடலாம்.

கடைக்குப் போகும்போது தைக்கப்போகும் தோலையும், போடப்போகும் நூலையும் பையில் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். ஜீன்ஸை மடிக்க ஆரம்பிக்கும்போதே அதை எடுத்து நீட்டிவிட வேண்டும். "தோல் வேஸ்டாயிடும் சார்" என்று தயங்குகிற கடைகள் நிறைய. தோலைத் தடவிப் பார்த்துவிட்டு "இது இதுல ஓடாதுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளலாம், பின்னால் சர்வீஸுக்கு ஆகும்.