எனக்குத் தெரியாதா?

போன வாரம் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கிற நண்பர் அனுப்பியது. ஒரு மலை, ஒரு பள்ளம், பிறகு மெல்ல ஏறும் ஒரு சரிவு. மலை உச்சிக்கு 'முட்டாள் சிகரம்' என்று பெயர். அரைகுறையாகத் தெரிந்தவன் அந்த உச்சியில் நின்று ஆடுவானாம். தெரியத் தெரியத்தான் அடக்கம் வருமாம். கீழே நண்பர் ஒரு வரி சேர்த்திருந்தார்: "நம்ம அரசியல்வாதிகளுக்கு அனுப்பணும் சார்."

இதை எனக்கு அனுப்பியவர்களில் இவர் நான்காமவர். ஒருவர் மருமகனை நினைத்து அனுப்பினார், ஒருவர் குடியிருப்புச் சங்கத் தலைவரை, ஒருவர் சம்பந்தியை. "இது என்னைப் பற்றியது" என்று எழுதியவர் எவருமில்லை. அதனால்தான் இந்தச் சண்டைக்கு வருகிறேன்.

முதலில், அந்தப் படமே சரியில்லை. டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் என்ற இருவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில் அப்படி ஒரு மலை கிடையாது. முகத்தில் எலுமிச்சைச் சாறு பூசினால் கேமராவில் விழமாட்டோம் என்று நம்பி பிட்ஸ்பர்க்கில் வங்கி கொள்ளையடித்தவன் கதையோடு அது தொடங்கும். அந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம். மாணவர்களுக்கு நகைச்சுவை, தர்க்கம், ஆங்கில இலக்கணம் ஆகியவற்றில் சோதனை வைத்து, நூறு பேரில் நீ எங்கே நிற்பாய் என்று கேட்டார்கள். கடைசி கால்பங்கில் இருந்தவர்கள் உண்மையில் சுமார் 12ஆவது படியில் இருந்தார்கள். 62இல் இருப்பதாக நினைத்தார்கள். சிகரத்தில் நிற்பதாக நினைக்கவில்லை, கவனியுங்கள். 'சராசரிக்குக் கொஞ்சம் மேலே' என்று நினைத்தார்கள். நாம் எல்லாரும் நம்மைப் பற்றி நினைப்பதைத்தான் நினைத்தார்கள். அடியில் இருப்பவன் தவறாக ஊகித்தால் மேல்நோக்கித்தானே தவற முடியும், அந்த இடைவெளியில் ஒரு பங்கு வெறும் கணக்கின் விளைவு என்று ஆட்சேபிப்பவர்களும் உண்டு. நியாயமான ஆட்சேபம். இருக்கட்டும்.

எனக்கு இந்தக் கட்டுரை புதிதாகத் தோன்றவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'திக்தே' நினைவிருக்கும். முசே வாசிப்பார், நாம் எழுத வேண்டும். 20 மதிப்பெண். ஓர் இலக்கணப் பிழைக்கு நான்கு போகும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். பிரெஞ்சில் பல வினைமுடிவுகள் காதுக்கு ஒன்றே, எழுத்தில் வேறு. எழுதி முடித்து இரண்டு முறை சரிபார்ப்பேன். ஒரு பிழை இருந்தால் அதிகம் என்று தோன்றும். தாள் திரும்பி வரும்போது சிவப்பு மையில் ஏழு, எட்டு. ஏன் எனக்குத் தெரியவில்லை? பிழையைக் கண்டுபிடிக்க எந்த விதி வேண்டுமோ, அதே விதி தெரியாததால்தானே பிழையே செய்தேன்! இன்னும் மூன்று முறை சரிபார்த்திருந்தாலும் அந்த ஏழும் அப்படியே இருந்திருக்கும். பிற்பாடு அலுவலகத்தில் சுய மதிப்பீட்டுப் படிவங்கள் மேசையைக் கடந்து போகும். சராசரிக்குக் கீழே என்று தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. அங்கே சிவப்பு மை இல்லை.

ஆகவே, 'கண்ணை மூடி உள்ளே பார், உன்னை நீ அறிவாய்' என்று உபதேசிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உள்ளே பார்ப்பவனும் அதே ஆள்தானே?

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் மிகத் தவறாக மதிப்பிடுவது வண்டி ஓட்டும் திறமையை. ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன்காரர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் திறமையில் தாங்கள் மேல் பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு பாதிக்குள் 93 பேர்! அவர்கள் வாலிபர்கள். நாமோ 'நாற்பத்தைந்து வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் இல்லை' என்கிறோம். கீறல் விழாததற்கு நாம் மட்டுமா காரணம்? எதிரே வந்தவன் எத்தனை முறை பிரேக் போட்டான் என்று யார் கணக்கு வைத்தோம்?

நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். நான்கு வருடங்களுக்கு முன், மாலை ஐந்தரை மணி, ஒரு குறுக்குச் சந்து. இடப்பக்கமிருந்து சைக்கிளில் ஒரு சிறுமி. 'திடீரென்று வந்துவிட்டாள்' என்று எல்லாரிடமும் சொன்னேன். அவள் கீழே விழுந்தாள், முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி வீட்டுக்கு வந்தபிறகு சொன்னாள்: "அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா வந்துகிட்டு இருந்துச்சிங்க. நான் பார்த்தேன். நீங்க பார்த்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் தொல்லை பொறுக்காமல் கண் மருத்துவரிடம் போனேன். பார்வைப் புலச் சோதனை செய்தார்கள். ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் அழுத்திவிட்டேன் என்ற திருப்தியோடு எழுந்தேன். அச்சாகி வந்த தாளில், இடக்கண்ணின் ஓரத்தில் பிறை போலக் கறுப்பு. கிளாக்கோமா. அந்த இடம் எனக்கு இருட்டாகத் தெரியவில்லை. காணாமல் போனதை மூளையே நிரப்பிக்கொள்கிறது என்றார் மருத்துவர். வலி கிடையாது. போன பார்வை திரும்பாது, சொட்டுமருந்து மிச்சத்தைக் காப்பாற்றும். திக்தே தாள் அறுபது வருடம் கழித்துத் திரும்பி வந்தது போல இருந்தது.

உரிமம் புதுப்பிக்கிற படிவம் 1ஐ எடுத்துப் பாருங்கள். 25 மீட்டர் தூரத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், காரின் நம்பர் பலகையைப் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கும். பதில் சொல்பவர் நாமே. என்னால் இன்றும் படிக்க முடியும், நடுப்பார்வை நன்றாக இருக்கிறது! மருத்துவர் கையெழுத்திட வேண்டிய படிவம் 1ஏ இருக்கிறதே என்பீர்கள். சென்ற முறை எனக்கு அதில் கையெழுத்துப் போட்டவர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டியை விடுவது லேசல்ல. மருந்துக் கடைக்கும் மீன் வாங்கவும் மகன் வரும்வரை காத்திருப்பது எனக்கு இன்னும் கசக்கிறது. எல்லாரும் விற்றுவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பலருக்குச் சோதனையில் ஒன்றும் இராது. சோதித்துக்கொள்ளாமல் 'என் கண்ணு எனக்குத் தெரியாதா' என்பதைத்தான் எதிர்க்கிறேன். தெரியாது சார். எனக்குத் தெரியவில்லை.

படம் அனுப்பிய நண்பருக்கு வயது 74. இந்த மாதம் உரிமம் புதுப்பிக்கப் போகிறார், இரவிலும் ஓட்டுகிறார். பதிலாக அவருக்கு இப்படி எழுதினேன்: அரசியல்வாதிகளுக்கு அப்புறம் அனுப்பலாம். முதலில் உங்கள் பார்வைப் புலச் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு காந்தி சிலைக்கு வாருங்கள், நான் என்னுடையதைக் கொண்டுவருகிறேன். செய்தியைப் படித்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.