பிள்ளையின் காய்ச்சலும் பெற்றோரின் அச்சமும்

ஹரிஸ் பார்க் புகையிரத நிலையத்திலிருந்து வெஸ்ற்மீட் இரண்டாவது தரிப்பிடம். 1995ஆம் ஆண்டில் கம்பர்டவுணிலிருந்து இடம்மாறி வந்த சிறுவர் வைத்தியசாலை அங்கேதான் இயங்குகின்றது. இவ்வளவு அருகில் வைத்தியசாலை இருந்தும், எம்மவர் வீடுகளில் கைக்குழந்தைகள் மூன்று நான்கு நாட்கள் காய்ச்சலோடு கிடப்பதை நாம் காண்கின்றோம். பல்லு முளைக்கின்ற காய்ச்சல் என்கிறார் அம்மம்மா. நாவூறு பட்டிருக்கும் என்கிறார் அயலவர். தகப்பனோ குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்த கடிதத்தைப் பார்க்கிறார். வைத்தியசாலை அனுப்பக்கூடிய பணச்சிட்டையை எண்ணிப் பார்க்கிறார். இறுதியில் ஊரிலிருந்து பெட்டியில் வந்த ஒரு மருந்துப் போத்தல் திறக்கப்படுகின்றது.

இந்தத் தாமதத்தைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகின்றோம். காரணம் தெரியாத காய்ச்சல் எதுவாயினும், பிள்ளையின் சிறுநீரைப் பரிசோதிக்காமல் நாட்களைக் கடத்தக் கூடாது. எமது கருத்தின் சாரம் இதுவே.

சிறுநீர்த் தொற்று பெரியவர்களுக்கு ஏற்பட்டால் எரிவும் கடுப்பும் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். சலக்கடுப்பு என்று ஊரிலே சொல்லி, பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்தோம். கைக்குழந்தைக்கோ எரிகிறது என்று சொல்ல வாயில்லை. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல், காரணமற்ற சிணுங்கல் ஆகியவையே அதன் அறிகுறிகள். சளியோ இருமலோ இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருக்குமாயின் சிறுநீரைச் சந்தேகிக்க வேண்டும். இது அரிதான நோயுமன்று. சுவீடன் நாட்டில் நடந்த ஆய்வொன்றின்படி, ஏழு வயதுக்குள் சிறுமியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கும், சிறுவரில் ஏறத்தாழ 2 பேருக்கும் இத்தொற்று வந்திருந்தது. பிறந்த முதல் மாதங்களில் மட்டும் ஆண் குழந்தைகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

பெரும்பாலான பிள்ளைகள் உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினால் முற்றாகக் குணமடைகின்றனர். ஆயினும் தொற்று சிறுநீரகம் வரை ஏறி, சிகிச்சையும் தாமதமானால் அங்கே தழும்பு விழலாம். சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிச் செல்லும் பிறவிக் குறைபாடு இருக்கும். அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தழும்பு பெரிதாயின் பின்னாளில் உயர் இரத்த அழுத்தமும், சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பும் நேரலாம். இன்று ஒரு சிறு போத்தல் சிறுநீரால் அறியக்கூடியதை இருபது ஆண்டுகளின் பின் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே அமர்ந்து அறிய வேண்டுமா?

குழந்தையிடமிருந்து சிறுநீர் எடுப்பது எளிதன்று என்பதைத் தாய்மார் அறிவர். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலிலுள்ள கிருமிகள் கலந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே கழிக்கும்போதே சுத்தமான கிண்ணத்தில் ஏந்துவதே நன்று. மெல்பேர்ணில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றில், குளிர்ந்த நீர்மத்தில் நனைத்த துணியால் குழந்தையின் அடிவயிற்றை மெல்லத் தடவியபோது, ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தவர்கள் நூற்றுக்கு 31 பேர். தடவாதபோது 12 பேர் மட்டுமே. சூ என்று ஒலியெழுப்பிக் காத்திருக்கும் எமது தாய்மாருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதற்கு முன்பே சிறுநீரை எடுத்துவிட வேண்டும். மருந்து தொடங்கிய பின் காய்ச்சல் தணிந்துவிட்டது என்று இடையில் நிறுத்தவும் கூடாது.

இன்னொரு நோயையும் இங்கே குறிப்பிட வேண்டும். காலையில் எழும் பிள்ளையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கும், முகம் உப்பும், வயிறு பெருக்கும். பிள்ளை தேறிவிட்டது என்று உறவினர் மகிழ்வர். உண்மையில் அது சிறுநீரகத்தின் வழியே புரதம் ஒழுகுவதால் வரும் நெஃப்ரோட்டிக் நோயாக இருக்கலாம். தெற்காசியப் பின்னணி கொண்ட பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருவதை இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலான பிள்ளைகள் பிரட்னிசோலோன் மருந்தினால் குணமடைவர். ஆனால் பலருக்கு நோய் மீண்டும் வரும். பக்கவிளைவுக்கு அஞ்சி அம்மருந்தைப் பெற்றோர் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது.

இனி, பெட்டியில் வந்த அந்தப் போத்தலுக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களில், இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலுள்ள சிந்த்வாடா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்கள் குடித்தது கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்து. அது தயாரானது எமது மொழி பேசும் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கோல் என்னும் நச்சுப்பொருள் அதில் 48.6 வீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லையோ 0.1 வீதம். 2022இல் காம்பியா நாட்டிலும் இந்தியாவில் தயாரான பாணி மருந்துகளைக் குடித்த பிள்ளைகள் இவ்வாறே பலியாகினர். ஊரிலிருந்து அன்போடு அனுப்பப்பட்ட போத்தலில் என்ன இருக்கின்றது என்பதை அனுப்பியவரும் அறியார். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல், தடிமன் மருந்துகளே கொடுக்கலாகாது என்பது 2012 முதல் அவுஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அறிவுரை.

இவையெல்லாம் தெரிந்தும் சிலர் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகின்றனர். அவர்களை நாம் அறிவீனர் என்று ஏசமாட்டோம். பிரிட்ஜிங் விசா காலாவதியாகும்போது மெடிகேர் உரிமையும் அற்றுப்போவதை அனுபவித்தவர்கள் அவர்கள். பிள்ளையின் மருத்துவ உரிமையைப் பெற்றோரின் விசாவோடு கட்டிவைத்திருப்பது நியாயமன்று என்பதை நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆயினும் நியாயம் கிடைக்கும்வரை காய்ச்சல் காத்திராது.

ஆகவே, இருக்கின்ற வழியை அறிந்து கொள்வோம். மெடிகேர் இல்லாத புகலிடக் கோரிக்கையாளருக்கு அவசர சிகிச்சை உட்பட வரையறுக்கப்பட்ட சேவைகளைப் பொது வைத்தியசாலைகள் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் திணைக்களம் நெறிமுறை வகுத்துள்ளது. விக்ரோறியா மாநிலத்திலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. வாசலிலேயே "புகலிடக் கோரிக்கையாளர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பொது வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை. பத்து வயது மூத்த மகளைக் கொண்டு தம்பியின் நோயை மொழிபெயர்ப்பிக்க வேண்டாம்.

பிள்ளைக்கு நோய் இருப்பது தெரிந்தால் வழக்குப் பாதிக்கப்படும் என்ற வதந்தியும் எம்மிடையே உலவுகின்றது. அகதி என்ற தகைமை, துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுவது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை கூறுவதும் அதுவே. குழந்தையின் சிறுநீர் அறிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடைசியாக ஒன்று. சிறுநீர் பற்றிப் பேசுவதையே வெட்கமாகக் கருதும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். புதிய பாடசாலையில் மலசலகூடம் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு, நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுமியர் எமது வீடுகளில் இருக்கின்றார்கள். அடக்குவதும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், மலச்சிக்கலும் தொற்றுக்கு வழிவகுப்பவை. படுக்கையை நனைத்த பிள்ளையை அடிப்பதால் எப்பயனும் இல்லை. அதுவரை நனைக்காதிருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்கினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் கண்டால் ஒரு மணித்தியாலமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அதற்கு மேற்பட்ட வயதாயின், காரணம் தெரியாத காய்ச்சலின் முதல் நாளிலேயே வைத்தியரிடம் "சிறுநீரைப் பரிசோதித்தீர்களா?" என்று கேளுங்கள். பிள்ளைகளைக் காப்பதற்காகவே கடல் கடந்து வந்தோம். அவர்களுக்காக இரண்டு தரிப்பிடத் தூரம் போகத் தயங்கலாமா?