முட்டுக்கட்டையும் வேண்டும்!

போன மார்கழியில் தேர் பார்க்க சுசீந்திரம் போயிருந்தேன். ரத வீதியில் மைனியின் வீடு. உற்சாகமாக வரவேற்பாள் என்று பார்த்தால், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

உடம்பைக் குறைப்பதென்று மூன்று வாரமாக ஒரே வைராக்கியமாம்! விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி அரை ஓட்டம். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியைப் பார்த்துத் தேகப்பயிற்சி. அப்புறம் சமையல், துணி துவைப்பது, வீடு துடைப்பது. ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது.

"உறக்கமே வரமாட்டேங்குது மக்கா. இவ்வளவு பாடுபட்டும் இந்தக் கதியா?" என்றாள்.

பாடுபட்டதில் குறைவில்லை, சகோதரிகளே! ஓய்வில்தான் குறைவு. பயிற்சி செய்யும்போது தசைகள் பலப்படுவதில்லை, களைத்துப்போகின்றன. பிறகு நாம் உண்டு, உறங்கி, ஓய்ந்திருக்கும்போதுதான் உடம்பு அவற்றைச் செப்பனிட்டு முன்னைவிட உறுதியாக்குகிறது. அதற்கு அவகாசம் தராவிட்டால் மிஞ்சுவது அலுப்பும் வலியும்தான்.

அப்படியானால் எவ்வளவு போதும்? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடுமையான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி. அதோடு, தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் 2 நாளாவது வேண்டும். தினம் அரை மணியாக 5 நாள் வேகமாக நடந்தாலே 150 நிமிஷம் ஆகிவிடுகிறது, பாருங்கள். மூச்சு வாங்க வீடு துடைக்கிறீர்களே, அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்தி!

மிதமா, கடுமையா என்று அறிய கருவி வேண்டாம். நடக்கும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடிந்து, பாட முடியாவிட்டால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமை. இன்று கடுமை என்றால் நாளை இலேசாக இருக்கட்டும். இரவில் 7 மணி நேரமாவது உறங்குங்கள். சாப்பாட்டில் பருப்போ, முட்டையோ, மீனோ இருக்கட்டும். மூட்டு வலி நீடித்தாலும், மார்பு வலித்தாலும் வைராக்கியத்தை மூட்டை கட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

"சும்மா உட்கார்ந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று மைனி இழுத்தாள். நம்மில் பலருக்கும் இதே கூச்சம்தானே?

அதற்குள் தேர் வந்துவிட்டது. வடம் பிடித்தவர்கள் இழுத்தார்கள், நின்றார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தார்கள். சக்கரத்தின் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு சிலர் நடந்தார்கள்.

"மைனி, கட்டை போடுகிறவர் தேருக்கு விரோதியா? அவர் இல்லாமல் தேர் பத்திரமாக நிலைக்கு வந்து சேருமா?" என்று கேட்டேன். மைனி சிரித்துவிட்டாள்.

இப்போது புதனும் ஞாயிறும் மைனிக்கு 'முட்டுக்கட்டை நாள்'. அந்த இரண்டு நாளும் துணி துவைப்பது அண்ணனின் பொறுப்பு!