எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தும் நம்ம ஊர் பயமும்

கொரோனா வந்து போனதிலிருந்து ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற வார்த்தை நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. கபசுரக் குடிநீர், நெல்லிக்காய், முருங்கைக்கீரை சூப் என்று எல்லோரும் அதை ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறோம். அதைக் குறைப்பதற்கென்றே டாக்டர் மருந்து எழுதித் தருகிற நோயாளிகளும் நம் தெருவில் இருக்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் பயந்து போகிறார்கள். அந்தப் பயம் வேண்டாத இடத்தில் இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நோய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். குடல் அழற்சியில் இரண்டு வகை. அல்சரேடிவ் கோலைட்டிஸ் பெருங்குடலில் மட்டும் புண்ணாக்குவது. க்ரோன்ஸ் நோய் குடலில் எங்கு வேண்டுமானாலும் வரும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் அதிகம். நம் பக்கம் ரத்தமாகப் போனால் உடனே மூலச்சூடு என்று முடிவு கட்டிவிடுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் உறவுக்காரத் தம்பி ஒருவர் இப்படித்தான் ஒன்றரை வருஷம் மூலத்துக்கு வைத்தியம் பார்த்து, கடைசியில் மதுரைக்குப் போய் கொலோனோஸ்கோப்பி செய்த பிறகுதான் கோலைட்டிஸ் என்று தெரிந்தது.

இது வெளியிலிருந்து வந்து தொற்றுகிற நோய் அல்ல. உடம்பின் காவல் படையே குடலைக் கடிக்கிறது. வீட்டு நாயை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திருடனைப் பிடிக்க வளர்த்த நாய் வீட்டுக் குழந்தையைக் கடித்தால் கட்டிப்போடத்தான் வேண்டும். ஸ்டீராய்டு என்பது எல்லா நாய்க்கும் மயக்க மருந்து கொடுப்பது மாதிரி. அசாதயோபிரின் மாத்திரை குட்டிகள் பெருகாமல் பார்த்துக்கொள்ளும். வெள்ளை அணுக்கள் பெருகுவதை அது குறைக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசிகள் டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு சங்கேதக் குரலை மட்டும் அடைத்துவிடும். 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெடோலிசுமாப், வெள்ளை அணுக்களைக் குடலுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. அடுப்பங்கரைக் கதவை மட்டும் சாத்தி வைப்பது போல. அதனால் மற்ற இடங்களில் காவல் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நாயைக் கட்டிப்போட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம் அல்லவா? நம் நாட்டில் அந்தத் திருடனுக்குப் பெயர் காசநோய்.

தம்பி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். “அண்ணே, நான் வயித்துக்குப் பாக்கப் போனா நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்க. கையில ஊசி குத்தி ரெண்டு நாள் கழிச்சு வான்றாங்க. எல்லாம் காசு பிடுங்கத்தான்.” இதே வசனத்தை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். தேவையில்லாத டெஸ்ட் எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த டெஸ்ட் அந்த ரகம் இல்லை. டாக்டர் எழுதாவிட்டால் நாமே கேட்டு வாங்க வேண்டியது.

இந்தியாவில் 2019-21-ல் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் உடம்பில் காசநோய்க் கிருமி தொற்றிய அடையாளம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் நோய் வராது. கிருமியைச் சுற்றி நம் அணுக்கள் சுவர் கட்டி உள்ளேயே சிறை வைத்திருக்கின்றன. அந்தச் சுவர் இடியாமல் நிற்பதற்கு டி.என்.எஃப். வேண்டும். அதை ஊசி போட்டு அடைத்தால் சுவர் இளகும். இன்ஃப்ளிக்சிமாப் 1998-ல் அமெரிக்காவில் க்ரோன்ஸ் நோய்க்கு அனுமதி பெற்றது. 2001-ல் அங்கேயே, அந்த மருந்து எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் மருத்துவப் பத்திரிகையில் வெளியானது. பாதிப்பேருக்கு மேல் நுரையீரலுக்கு வெளியே வந்த காசநோய். பலருக்கு மூன்று ஊசிக்குள்ளேயே. அதன் பிறகுதான் ஊசிக்கு முன் காசநோய் பரிசோதனை என்பது உலகமெங்கும் கட்டாயமாகப் பார்க்கப்பட்டது.

“சின்ன வயசுலயே பி.சி.ஜி. போட்டாச்சே, தோளில் தழும்பு இருக்கே” என்பார்கள். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை அது குறைக்கும் என்பதால் இன்னும் போடுகிறார்கள். நமக்கு அந்தத் தழும்பு உத்தரவாதம் இல்லை.

பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தால் உலகம் முடிந்துவிடவில்லை. தடுப்பு மாத்திரை தருவார்கள். சாதாரணமாக ஒரு மாதமாவது அதைச் சாப்பிட்ட பிறகு ஊசியைத் தொடங்குவார்கள். மத்திய அரசின் 2021 வழிகாட்டுதலில், இந்த மாதிரி ஊசி போடப் போகிறவர்கள் தடுப்பு மாத்திரை பெற வேண்டியவர்கள் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அரசுத் திட்டத்தில் மாத்திரை இலவசம். மதுரை போகிற வழியில் தோப்பூர் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது பஸ்ஸில் பேச்சைக் குறைத்துக்கொண்ட காலம் நமக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கூச்சத்தில் யாரும் இந்த மாத்திரையை மறுக்க வேண்டாம்.

இன்னொரு வம்பும் உண்டு. குடலில் வருகிற காசநோயும் க்ரோன்ஸும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் அதே இடத்தில், அதே மாதிரிப் புண்ணோடு வரும். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தாலும் சில சமயம் பிடிபடாது. அதனால் நம் நாட்டு டாக்டர்கள் சிலருக்கு இரண்டு மூன்று மாதம் காசநோய் மருந்து கொடுத்து, மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து பார்க்கிறார்கள். “டாக்டருக்கே நோய் தெரியல” என்று நடுவில் ஆளை மாற்றுகிறோம். காசநோயை க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தப் பொறுமையின் அருமை புரியும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். விலை கூடின ஊசியென்றால் நாம் நடுங்குகிறோம். அதற்கு முன்னால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலைக் கிருமி பி வகை பார்ப்பது என்று இத்தனை காவல் இருக்கிறது. ஆனால் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பிரட்னிசோலோன் மாத்திரைக்கு யாரும் பயப்படுவதில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய சீட்டை மடித்து மணிபர்சில் வைத்திருப்பார்கள். வயிறு தொந்தரவு பண்ணினால் கடையில் நீட்டி ஒரு பட்டை. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. பழைய சீட்டும் அந்தக் காலத்துக்குத்தான் சீட்டு. ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் என்று இரண்டு வாரம் சாப்பிட்டாலே எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்று டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். நம் வயசில் இதெல்லாம் ஏற்கெனவே வாசலில் நிற்பவை.

மருந்தே விஷம் என்று சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் கார்டிசோன் கொடுத்துப் பார்த்து 1955-ல் முடிவை வெளியிட்ட பிறகுதான் கடுமையான கோலைட்டிஸில் உயிர் பிழைத்தவர்கள் கூடினார்கள். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைப் பல வாரம் சாப்பிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க மறந்திருக்கும். பிரஷர் இறங்கி மயங்கி விழுந்துவிடுவார்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொன்ன கணக்கில்.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டு. இந்த மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்து மூன்று நாள் பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது. அக்கி வந்தால் காவி கரைத்து எழுதுவது நம் வழக்கம். எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையும் தொடங்கியிருக்க வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம், மருந்து தொடங்கும் முன்னால் போட்டால் இன்னும் நல்லது. உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகள் மட்டும் ஆகாது.

கடைசியாக, கை கால் வீக்கத்துக்கு யூரிக் ஆசிட் மாத்திரை சாப்பிடும் நம் வயசுக்காரர்களுக்கு. அலோபுரினால் சாப்பிடுகிறவருக்கு அசாதயோபிரினை வழக்கமான அளவில் கொடுத்தால் அது உடம்பில் தேங்கி வெள்ளை அணுக்களை அடியோடு இறக்கிவிடும். அளவை நாலில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டியிருக்கும். மூட்டு டாக்டர் சீட்டையும் குடல் டாக்டர் சீட்டையும் இருவரிடமும் காட்டுங்கள். இதில் வேடிக்கை, இரண்டு மருந்தும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியவை. 1988-ல் இருவரும் நோபல் பரிசு வாங்கினார்கள்.