சீட்டு இலவசம், போகிற நாள் இலவசமா?

(நமது நகர நிருபர்)

"உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டால் நம்ம ஊர் ஏழைத் தாய்மார்கள் சொல்கிற பதில் ஒன்றுதான். "ஒண்ணுமில்லே!"

மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. ஒண்ணுமில்லே! ஆறு மாதமாக அடிவயிற்றில் வலி. ஒண்ணுமில்லே! மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அதுவும் ஒண்ணுமில்லே!

தாங்க முடியாமல் போனால் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் கம்மலை அடகு வைத்து, ஏதாவது ஒரு நர்சிங் ஹோம். அதற்குப் பிறகு மாதாமாதம் வட்டி!

சென்னையில் பெண்களுக்கு இலவச வைத்தியம் இல்லையா? இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது. அப்புறம் ஏன் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது? அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கே போகலாம்?

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லுங்கள்.

எழும்பூர் தாய் சேய் நல ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி 1880-ல் வந்தது. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிக்கு வயது 1885-லிருந்து. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்களுக்காக அந்தக் காலத்தில் கட்டியது அது. அதனால்தான் இன்னமும் பழைய ஆட்கள் "கோஷா ஆஸ்பத்திரி" என்கிறார்கள்.

மூன்றும் அரசு ஆஸ்பத்திரிகள். பிரசவம் மட்டும் பார்க்கிற இடம் என்று நினைக்காதீர்கள். மாதவிடாய்க் கோளாறு, கருப்பைக் கட்டி, வெள்ளைப்படுதல், குழந்தையில்லாக் குறை எல்லாவற்றுக்கும் அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதா? நகரம் பூராவும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, ரத்தச்சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் சோதனை எல்லாம் அங்கே உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ந்தேதி கர்ப்பிணிகளுக்கென்றே தனிப் பரிசோதனை. இது 2016-லிருந்து நாடு முழுவதும் நடக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானால் ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு எதற்கும் காசு கிடையாது. 2011-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் இது. வலி கண்டால் 108. பிள்ளையோடு வீடு திரும்ப 102. வண்டிக்கும் வாடகை இல்லை.

கையில் வரும் பணம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் வந்தபோது கொடுத்தது 300 ரூபாய். இன்றைக்குப் பணமும் சத்துணவுப் பெட்டியுமாகச் சேர்த்து 18 ஆயிரம். ஆனால் கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிந்து "பிக்மி" எண் வாங்கிவிட வேண்டும். பிள்ளை பிறந்தபின் ஓடினால் அந்தத் தவணை போச்சு!

வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. வருடத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அட்டை கிடைக்கும். ஒன்றை மறக்காதீர்கள். படுக்கையில் சேர்ந்து செய்கிற ஆபரேஷன், சிகிச்சைக்குத்தான் அது முக்கியமாக உதவும். வெளியே வாங்குகிற மாத்திரை பில்லுக்கு உதவாது.

கம்பெனியில் வேலை செய்கிற பெண்களே, சம்பளச் சீட்டை ஒரு தரம் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் அயனாவரமும் கே.கே.நகரும் உங்கள் ஆஸ்பத்திரி. மாதாமாதம் காசைக் கட்டிவிட்டு, உடம்புக்கு வந்தால் நர்சிங் ஹோமுக்கு ஓடுகிற பெண்கள் எத்தனையோ பேர்!

மாத்திரை விலை கட்டவில்லையா? 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் தொடங்கினார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகமும் இருக்கிறது. பெயர் வேறு, மருந்து அதே மருந்து, விலை பாதிக்கும் கீழே. மக்கள் மருந்தகத்தில் சானிடரி நாப்கின் ஒன்று ஒரு ரூபாய். 2019-லிருந்து இந்த விலை.

புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. 1954-ல் அதைத் தொடங்கியவரும் அந்த முத்துலட்சுமி அம்மையார்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தரமணியில் வி.எச்.எஸ். இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் என்பது அதைத் தொடங்கிய டாக்டர் சஞ்சீவி வைத்த கொள்கை.

இவ்வளவு இருக்கிறது. இருந்தும் என்ன பயன்?

நூற்றில் பத்துப் பேர் கூட இல்லை!

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 30 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் சோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. ரத்தச்சோகை உள்ள பெண்களோ பாதிக்கு மேல்.

சோதனைக்குக் காசில்லை. மாத்திரைக்குக் காசில்லை. ஆனாலும் பெண்கள் வரவில்லை.

"ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது" என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர்கள் சொல்லுவதில்லை. நான் சொல்லுகிறேன்.

நாள் கூலி போச்சே!

நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில்தான். எட்டு மணிக்குச் சீட்டு வாங்கினால் டாக்டரைப் பார்க்கப் பதினொன்று. ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அதற்கு வேறொரு வரிசை. "ரிசல்ட்டு நாளைக்கு." ஸ்கேனா? அடுத்த வாரம்.

ஒரு வலிக்கு மூன்று நாள்! மூன்று நாளும் நாலு வீட்டுக்கும் லீவு. சம்பளம் பிடிப்பார்கள். "அடிக்கடி லீவு போடறியே" என்று வேறு ஆள் பார்த்தாலும் பார்ப்பார்கள். சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்குக் கணக்கு இன்னும் சுலபம். வேலை இல்லையேல் கூலி இல்லை. ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்றால் இந்த "இலவச" வைத்தியத்துக்கு அவள் கொடுத்த விலை 1,800 ரூபாய். பஸ், டீ, வீட்டில் விட்டுவந்த பிள்ளை தனிக் கணக்கு.

தெருமுனை கிளினிக்கில் ராத்திரி எட்டு மணிக்கு டாக்டர் இருக்கிறார். 300 ரூபாய் வாங்குகிறார். வேலை முடிந்து போகலாம், அரை மணியில் வரலாம். இரண்டில் எது மலிவு? அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நம்ம ஏற்பாடுதான் தப்பு.

வாயும் கையும்

அடுத்தது வாய். "படுக்கிறப்போ தெரியலையா?" "இத்தனை பிள்ளை எதுக்குப் பெத்தே?" பிரசவ வார்டில் வலியில் துடிக்கிறவளைப் பார்த்துச் சில இடங்களில் சில பேர் கேட்கிற கேள்வி இது. ராப்பகலாய் உழைக்கிற நல்ல நர்சம்மாக்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுப்பது இந்த நாலு நாக்குதான். கல்யாணமாகாத பெண் மாதவிடாய் தள்ளிப்போச்சு என்று போனால் கேட்கவே வேண்டாம். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி விசாரணை!

மூன்றாவது கை. பிள்ளையைக் காட்டப் பணம். ஸ்ட்ரெச்சர் தள்ளப் பணம். ஆணாக இருந்தால் ஒரு ரேட்டு, பெண்ணாக இருந்தால் ஒரு ரேட்டு! காலங்காலமாய் வருகிற புகார் இது. பிடிபட்டு சஸ்பெண்டு ஆனவர்கள் செய்தியும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இன்னும் ஒழியவில்லை.

வெளியே என்ன நடக்கிறது?

அரசு ஆஸ்பத்திரிக்கு வராதவள் எங்கே போகிறாள்? குற்றச் செய்தி எழுதுகிறவனுக்கு அந்த வழி தெரியும்.

கருவைக் கலைக்க டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்குகிறாள். எத்தனை வாரம் என்று பார்க்கவில்லை. கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. உதிரம் நிற்காமல் போய், கடைசியில் அதே அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வருகிறார்கள். பிழைத்தால் அதிர்ஷ்டம். பிழைக்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் "சந்தேக மரணம்" என்று ஒரு வழக்கு. போலி டாக்டர் கைதானால் பேப்பரில் நாலு வரி.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே வந்தாச்சு. 2021-ல் திருத்தினார்கள். சட்டத்தில் சொன்ன காரணங்களுக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல் போதும். சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர் ஒப்புதலோடு. கல்யாணமாகாத பெண்ணுக்கும் இது உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. வயது வந்த பெண்ணுக்குப் புருஷன் கையெழுத்தும் வேண்டாம், அப்பா கையெழுத்தும் வேண்டாம். அவள் சம்மதம் போதும். அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம். இது தெரியாமல்தான் சந்துக்குள் போய்ச் சாகிறார்கள்.

இன்னொரு பக்கம் ஆபரேஷன் வியாபாரம். "கர்ப்பப் பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று சொல்லி 35 வயதுப் பெண்ணுக்கும் எடுத்துவிடுகிற இடங்கள் நாட்டில் உண்டு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. தேவையில்லாத கருப்பை ஆபரேஷனைத் தடுக்கும் வழிமுறைகளை மூன்று மாதத்துக்குள் அமல் செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது கோர்ட்டு. ஆகவே தாய்மார்களே, யாராவது "எடுத்துடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் ஒரு தரம் காட்டுங்கள்.

பிரசவத்திலும் அப்படித்தான். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்குச் சுமார் 64 பிரசவம் ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36.

செய்ய வேண்டியது என்ன?

புதுக் கட்டடம் கேட்கவில்லை. புதுத் திட்டமும் கேட்கவில்லை. இருக்கிற கதவைச் சாயங்காலம் திறக்கச் சொல்கிறேன்.

2023-லிருந்து நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் மாலையிலும் வேலை செய்கின்றன. நல்ல காரியம். ஆனால் ஒரு டாக்டர், ஒரு நர்சு. அங்கே மகளிர் டாக்டர் இருப்பார் என்று நம்பிப் போக முடியாது. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலமும் ஞாயிறு காலையும் ஒவ்வொரு பகுதியிலும் மகளிர் டாக்டர் உட்கார வேண்டும். எந்த நாள் என்று வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட வேண்டும்.

வந்த அன்றைக்கே ரத்தம், ஸ்கேன், புற்றுநோய் சோதனை மூன்றும் முடிய வேண்டும். மறுநாள் வரச் சொன்னால் மறுபடி ஒரு நாள் கூலி போகும். ரிசல்ட்டை போனில் சொல்லலாமே! எல்லாருக்கும் போன் இருக்கிறது.

பிரசவ வார்டு வாசலில் லஞ்ச ஒழிப்புத் துறை எண்ணைக் கண்ணில் படும்படி எழுதுங்கள். அதற்குக் கீழே, புகார் கொடுத்த பெண்ணுக்கு வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றும் எழுதுங்கள். அந்தப் பயத்தில்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

அப்புறம் ஒரு திரை, ஒரு கதவு. பெண் தன் உடம்பைப் பற்றிப் பேசும்போது வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது. இதற்கு எத்தனை ரூபாய் செலவாகும்?

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு ஒரு வேளைச் சோற்றை நீங்கள் வடித்தால் குடி முழுகிவிடாது. வேலைக்காரம்மா வைத்திருக்கும் வீட்டுக்காரர்களே, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

எழும்பூரில் அந்த ஆஸ்பத்திரி வந்து 180 வருடம் ஆகிறது. சீட்டுக்குக் காசு வாங்காமல் இருப்பதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் ஏழைப் பெண்ணின் கையில் இருக்கிற ஒரே முதல் அவளுடைய நாள். அதைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்கிற வைத்தியத்தை இலவசம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மாநகராட்சி அதிகாரிகள் யோசிப்பார்களா?